400 மீட்டரிலிருந்து சேனா பதக்கம் வரை: செட்டிநாட்டு மாணவர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

ராணுவ அதிகாரியாக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்குப் பதக்க அறிவிப்பு வந்த நாலாம் நாளே அவர் ஊர் முனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'வீர் சக்ரா நாயகனே வருக' என்று பெரிய எழுத்து, ஓரத்தில் துப்பாக்கிப் படம். லீவில் வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதைத்தான் பார்த்திருக்கிறார். வீட்டில் பையை வைத்துவிட்டு, ஃபிளெக்ஸ் வைத்த பையன்களைக் கூப்பிட்டார். "எனக்குக் கிடைச்சது சேனா பதக்கம்ப்பா. வீர் சக்ரா வேற, அதை வாங்கினவங்க வேற. இதை இறக்கிருங்க" என்றார். அவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட்டார்கள்.

எதிரிப் படையோடு நேருக்கு நேர் நிற்கும்போது காட்டும் வீரத்துக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. மற்ற நேரங்களில் காட்டும் வீரத்துக்கு அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌரிய சக்ரா. சேனா பதக்கம் 1960-ல் ஏற்படுத்தப்பட்டது; தரைப்படையினருக்கு உரியது. வீர் சக்ரா என்றால் நம் பக்கத்தில் நினைவுக்கு வருபவர், திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்து, கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர்கொடுத்த மேஜர் சரவணன். "அவர் பேரு நிக்கிற இடத்துல என் பேரு நிக்கக் கூடாது சார்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

நான் காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். இவர் என் மாணவர். இன்னமும் பணியில் இருப்பதால் பெயரையும் படைப்பிரிவு எண்ணையும் தவிர்க்கிறேன். ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன் எப்படி அதிகாரி ஆனான், எந்தெந்த இடத்தில் அது தவறிப்போக இருந்தது என்பதைப் பதிவு செய்வதுதான் நோக்கம். தவறிப்போக இருந்த இரண்டு இடங்களில் காரணம் நான். அதையும் எழுதுகிறேன்.

வீடு

கானாடுகாத்தானைச் சுற்றிய ஊர்களில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனையோ உண்டு. சொந்தக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணமான சாந்தி, முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால்தான் திறப்பு. மற்ற நாளெல்லாம் சாவி ஒரு குடும்பத்தின் கையில் இருக்கும். இவனுடைய அப்பா அப்படி ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டவர். அம்மா பலகாரம் சுடும் கை. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் என்று சீர்ப் பலகாரத்துக்கு நாலு ஊரிலிருந்து ஆள் வரும்.

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முன்வாசலில் நின்றால் முகப்பு, நடுவில் முற்றம் உள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்வாசல் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும். மழை வந்துவிட்டால் பையனுக்கு வேலை. நாலு பக்கத்து ஓடும் வளவுக்குள் சரிந்திருப்பதால் தண்ணீர் முழுதும் முற்றத்தில்தான் விழும். அங்கே அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு, பின்கட்டு வரை ஓடி ஜன்னல்களைச் சாத்தி, திரும்பி வந்து நிறைந்த அண்டாவை நகர்த்த வேண்டும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். "விழாம ஓடப் பழகினது அங்கதான்" என்பான்.

திடல்

கல்லூரிக்கு வந்த முதல் வருஷம் அவன் கபடிக்குத்தான் பெயர் கொடுத்தான். ஒரு நாள் திடலைச் சுற்றி ஓடவிட்டபோது நாலாவது சுற்றிலும் காலடி மாறவில்லை. அன்றைக்கே 400 மீட்டருக்கு மாற்றினேன்.

400 மீட்டர் கொடுமையான ஓட்டம். முழு வேகத்தில் ஓட முடியாத தூரம். அதற்காக வேகத்தை விட்டுவிடவும் முடியாது. முதல் 200-ஐ ஆசையாக ஓடியவன் கடைசி 100-ல் மாட்டிக்கொள்வான். தசையில் அமிலம் ஏறி, கால் இருக்கிறதா என்றே தெரியாது. இவனுடைய குறை அதுதான். துப்பாக்கி வெடித்த வேகத்தில் முன்னால் போய்விடுவான், கடைசி வளைவில் எல்லோரும் இவனைத் தாண்டுவார்கள். அதைச் சரிசெய்யவே ஒன்றரை வருஷம் ஆயிற்று.

எங்கள் திடல் செம்மண். மழைக்காலத்தில் சேறு, கோடையில் சரளை. சில நாள் அதிகாலையில் அவன் செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போய், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளத்தில் ஓடுவான். நேராக, கண்ணுக்கு எட்டும் வரை யாருமே இல்லாத தளம். கெட்டித் தரை என்பதால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும், போகாதே என்று சொல்லியிருந்தேன். போனான். மூன்றாம் வருஷம் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தான். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் முதல் சுற்றோடு திரும்பினான்.

என் முதல் தவறு

அவன் தேசிய மாணவர் படையான என்.சி.சி.யிலும் இருந்தான். எனக்கு அது பிடிக்கவில்லை. அணிவகுப்பு நாள் காலையில் என் பயிற்சி போய்விடும்.

இரண்டாம் வருஷம் பத்து நாள் வருடாந்திர முகாமும் கல்லூரிகளுக்கு இடையேயான தடகளப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தன. முகாமுக்குப் போகாவிட்டால் 'சி' சான்றிதழ்த் தேர்வு எழுத முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சான்றிதழால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. "காக்கிச் சட்டையா சோறு போடும்? மீட்டுக்கு வா" என்று மற்ற பையன்கள் முன்னால் சத்தம் போட்டேன். அவன் பதில் பேசவில்லை. முகாமுக்குப் போய்விட்டான். ஒரு மாதம் நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவனுக்கு விவரம் சொன்னவர் என்.சி.சி. பொறுப்பில் இருந்த தமிழ்த்துறை ஆசிரியர். பட்டப் படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால், எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.யின் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். தேறினால் சென்னையில் பயிற்சி, பிறகு லெப்டினன்ட். அதற்குப் பெயர் என்.சி.சி. சிறப்பு நுழைவு. காரைக்குடி சாதாரண ஊர் இல்லை. வள்ளல் அழகப்பர் 1947-ல் கல்லூரி கண்ட ஊர். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அவர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்த ஊர். படிப்பின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரியும். வங்கித் தேர்வு, அரசுத் தேர்வு, மலேசியா வேலை என்று எதைக் கேட்டாலும் விவரம் சொல்ல ஆள் இருக்கிறது. இந்த ஒரு கதவைப் பற்றிச் சொல்ல, அன்றைக்கு எங்கள் கல்லூரியில் அந்தத் தமிழாசிரியரைத் தவிர ஆள் இல்லை. விளையாட்டுத் துறையின் அறிவிப்புப் பலகையில் அந்த விளம்பரத்தை நான் ஒட்டியதே இல்லை.

என் இரண்டாம் தவறு

மூன்றாம் வருஷக் கடைசியில் ராணுவத்தின் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கும் செய்தி வந்தது. ஓடிக் காட்டினால் போதும், சிப்பாயாகச் சேரலாம். வேலை உறுதி, ஓட்டமும் தொடரும். அவன் வீட்டு நிலைமைக்கு இதுதான் சரி என்று முடிவு கட்டினேன். அவன் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

சிப்பாயாகச் சேர்வதில் குறைவு ஒன்றுமில்லை. தியான் சந்த் 1922-ல் சிப்பாயாகச் சேர்ந்து 1956-ல் மேஜராக ஓய்வு பெற்றவர். மில்கா சிங்கை ஓட்டக்காரர் ஆக்கியதே ராணுவம்தான். என் தவறு வேறு. அவனால் எது முடியும் என்று நான் யோசிக்கவில்லை. அவன் அப்பா சாவி வைத்திருப்பவர் என்பதிலிருந்து கணக்குப் போட்டேன். பலகாரம் சுடும் வீட்டுப் பையன் அதிகாரியாவான் என்று என் மனசுக்குத் தோன்றவில்லை.

அம்மாதான் கேட்டார். "சார், அந்தத் தமிழ் வாத்தியார் சொல்றதுக்கும் நீங்க சொல்றதுக்கும் என்ன வித்தியாசம்?" தெரிந்ததைச் சொன்னேன். "அப்ப முதல்ல அதைப் பார்க்கட்டும். கிடைக்கலைன்னா இது இருக்குல்ல" என்றார். இந்த நிகழ்வில் மிகச் சரியான முடிவை எடுத்தவர் அவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பெங்களூர், முதல் முறை

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் தேர்வு. முதல் நாள் அறிவுத்திறன் தேர்வு. அப்புறம் ஒரு மங்கலான படத்தைக் காட்டி, கதை எழுதச் சொல்லி, குழுவாக விவாதிக்க விடுவார்கள். அதிலேயே பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு: 12 படங்களுக்குக் கதை, 15 நொடிக்கு ஒன்றாக 60 சொற்களுக்கு வாக்கியம், 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில். பிறகு இரண்டு நாள் மைதானத்தில் குழுப் பணிகள், தனியாக நேர்காணல். ஐந்தாம் நாள் தேர்வு நடத்தும் அதிகாரிகள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு. பெயர் கிடையாது. நெஞ்சில் கட்டிய எண்தான் ஆள்.

ஓட்டக்காரன் என்பதால் மைதானத்தில் ஜெயித்துவிடுவான் என்று நம்பினேன். தனிநபர் தடைகளில் ஜெயிக்கவும் செய்தான். 10 தடைகளை 3 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்துவிட்டு மீதி நேரத்தில் சிலவற்றை மறுபடியும் தாண்டினானாம். ஆனாலும் தேர்வாகவில்லை. திரும்பி வந்தவன் திடலோரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான்.

குழுப் பணியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே தரையைத் தொடக் கூடாது. ஒரு பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கயிறு. இவற்றை வைத்துக் கம்பங்களுக்கு மேலாகக் குழு முழுதும், ஒரு சுமையோடு, அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். இவனுக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. பலகையைப் போட்டான், தாவினான், போய்விட்டான். "திரும்பிப் பார்த்தா நான் மட்டும் அந்தப் பக்கம் நிக்கிறேன் சார். மத்த ஏழு பேரும் சுமையும் இந்தப் பக்கம். பலகையை எப்படித் திருப்பி அனுப்புறதுன்னு தெரியலை."

ஆங்கிலமும் காலை வாரியது. தமிழ்வழியில் படித்தவன். குழு விவாதத்தில் சொல்ல வேண்டியது மனசில் இருந்தும் வாய் திறப்பதற்குள் பேச்சு வேறிடம் போய்விட்டது. அவனே காரணமாகச் சொன்னது மட்டும் அந்தப் பலகையைத்தான்.

எட்டு மாதம்

அந்தச் சமயத்தில் அவனுக்குப் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஓட முடியாது. ஒதுக்கீட்டுத் தேர்வும் கைவிட்டுப் போயிற்று. வெறுமனே இருக்க வேண்டாமே என்று, ஜூனியர் பையன்களின் 4x400 தொடரோட்ட அணியை அவனிடம் விட்டேன். வேறு யோசனை எதுவும் எனக்கில்லை.

இதை ஓடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 4x100 தொடரோட்டத்தில் கோலை வாங்குபவன் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஓடுவான், வருபவன் வைத்துவிடுவான். 4x400 அப்படி இல்லை. கோலைக் கொண்டு வருபவன் ஒரு சுற்று முழுக்க ஓடி முடித்தவன். கண் இருட்டியிருக்கும், கால் தடுமாறும், கை எங்கே போகிறது என்று அவனுக்கே தெரியாது. அதனால் வாங்குபவன் திரும்பி நின்று பார்க்க வேண்டும். வருகிறவனுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று கணித்து, அதற்கேற்ப நகரத் தொடங்க வேண்டும். 20 மீட்டர் கட்டத்துக்குள் அவன் கையிலிருந்து கோலை எடுத்துக்கொள்ள வேண்டும். கோல் விழுந்தால், தெம்போடு நின்றவன்தான் பொறுப்பு.

அந்த எட்டு மாதமும் சாயங்காலங்களில் அவன் செய்த வேலை இது. முதலில் வேகமான நாலு பேரைப் பொறுக்கினான், அணி தோற்றது. அப்புறம் மெதுவாக ஓடினாலும் நிதானமாகக் கோல் வாங்குகிற ஒரு பையனை மூன்றாம் ஆளாகப் போட்டான். நான் வேண்டாம் என்றேன். "அவன் பார்த்து வாங்குறான் சார்" என்றான். அந்த அணி கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் இரண்டாவது வந்தது.

காலையில் ஆங்கிலம். தமிழாசிரியர் வீட்டுத் திண்ணையில் தினம் ஒரு தலைப்பு. 3 நிமிடம் யோசிக்கணும், 3 நிமிடம் நின்று பேசணும். கேட்பதற்கு ஆசிரியர், அவர் மனைவி, சில நாள் நான். முதலில் நாலு வாக்கியத்தில் நின்றுவிடுவான். ஆசிரியர் சொன்ன ஒரே அறிவுரை, "உனக்குத் தெரிஞ்சதை மட்டும் பேசு" என்பதுதான்.

இரண்டாம் முறை பெங்களூரில் தண்ணீர் பற்றிய தலைப்பு வந்தது. மழைநீரை வீட்டு முற்றத்தில் அண்டாவில் பிடிப்பதையும், செட்டிநாட்டு ஊருணியில் யாரும் இறங்கிக் குளிக்காமல் குடிதண்ணீருக்கென்றே காப்பதையும், கண்மாய் நிரம்பினால் மறுகால் எங்கே போகும் என்பதையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசியிருக்கிறான். குழுப் பணியில் கடைசியாகத் தாண்டியவன் அவன். ஐந்தாம் நாள் அவனுடைய எண்ணை வாசித்தார்கள். மருத்துவப் பரிசோதனையில் பழைய தசைக் காயம் பிரச்சினை ஆகவில்லை.

விளையாட்டுச் சான்றிதழைப் பார்த்து எஸ்.எஸ்.பி.யில் தனியாக மதிப்பெண் போடுவதில்லை. நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்பார்கள், அவ்வளவுதான். பதக்கங்கள் அடங்கிய கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் பையன்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

பரங்கிமலை

சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகம், 1962 சீனப் போருக்குப் பிறகு அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது 1963-ல் தொடங்கியது. குறுகிய காலப் பணிக்கு வருபவர்களுக்கு அங்கே 49 வாரப் பயிற்சி. அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரன் பெயர். இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று வீரமரணமடைந்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், இதே கழகத்தில் பயின்றவர்.

அங்கே முதல் மாதங்கள் அவனுக்குச் சுலபமாக இல்லை. 400 மீட்டர்க்காரனின் உடம்பு ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் செலவழிக்கப் பழகியது. முதுகுச்சுமையும் துப்பாக்கியுமாக மணிக்கணக்கில் ஓடுவது வேறு கணக்கு. நீச்சலும் தெரியாது. ஊருணியில் இறங்கக் கூடாது, கண்மாயில் வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் இருக்காது என்று வளர்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் தூங்கும்போது நீச்சல் குளத்தில் நின்றதாக எழுதியிருந்தான். தோற்றவன் எழுதிய கடிதமாக எனக்கு அது படவில்லை. எந்தெந்த நாள் எத்தனை மீட்டர் என்று கணக்கு எழுதியிருந்தான்.

பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு நாங்கள் நாலு பேர் காரைக்குடியில் ரயில் ஏறினோம்: அப்பா, அம்மா, தமிழாசிரியர், நான். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோர் தோளில் நட்சத்திரம் குத்தும் சடங்கு. அப்பா குத்தும்போது ஊசி வளைந்துவிட்டது. அம்மா வாங்கி, வளைவை நிமிர்த்தி, ஒரே முறையில் பொருத்தினார். "சீப்புச் சீடை சுருட்டுற கைக்கு இது ஒரு வேலையா அப்பு" என்றார். அதுவரை அவனை 'டேய்' என்று கூப்பிட்டவன் நான். அன்றைக்கு வாய் வரவில்லை.

காஷ்மீர்

பிறகு கேப்டனாகி, தீவிரவாத எதிர்ப்புக்கான படையான ராஷ்டிரிய ரைபிள்ஸ் பிரிவில் ஜம்மு-காஷ்மீரில் இருந்தபோது நடந்தது, அவருக்குப் பதக்கம் பெற்றுத் தந்த சம்பவம். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. நானும் தோண்டிக் கேட்டதில்லை. ஒரு வீட்டில் ஆயுததாரிகள் இருப்பதாகத் தகவல். இரவோடு இரவாகச் சுற்றி வளைத்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டு, விடியும் வரை காத்திருந்திருக்கிறார்கள். விடிகிற நேரத்துச் சண்டையில் அவருடைய வீரர் ஒருவர் காலில் குண்டு பட்டுத் திறந்த முற்றத்தில் விழுந்துவிட்டார். இவர் தவழ்ந்து போய் அவரை இழுத்து வந்திருக்கிறார். முதலில் இழுக்க முடியவில்லை, திரும்பிச் சுவர் மறைவுக்கு வந்து, துப்பாக்கிச் சத்தம் எந்தப் பக்கம் என்று பார்த்து, மறுபடி போயிருக்கிறார். அந்த வீரர் பிழைத்தார். சண்டையும் அங்கேயே முடிந்தது.

தொடரோட்டத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு ஆசை இருந்தது. ஒரு லீவில் கேட்டேவிட்டேன். "அப்படிச் சொல்லாதீங்க சார். அங்க என் கூட இருந்தவங்க யாரும் கோல் பிடிச்சவங்க இல்லை. அவங்களும் போயிருப்பாங்க. நான் கிட்டக்க இருந்தேன்" என்றார். அதனால் அந்த முடிச்சை நான் போடவில்லை. எஸ்.எஸ்.பி. வரைக்கும்தான் என் சாட்சி செல்லும்.

பதக்கம் வட்ட வடிவ வெள்ளி. ஒரு பக்கம் மேல்நோக்கிய பயனெட், மறுபக்கம் நிற்கும் ஒரு வீரர். சிவப்பு நாடாவின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குண்டு பட்ட அந்தப் பிள்ளைக்கு இப்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நடக்கிறார் என்று மகன் சொன்ன பிறகுதான் பெட்டியை மூடினார்.

இப்போது

குறுகிய காலப் பணி 10 ஆண்டு. அது முடியும் முன் நிரந்தரப் பணிக்கு எழுதிக் கொடுத்தார், கிடைத்தது. இன்றைக்கு மேஜர். அப்பா இன்னமும் அதே வீட்டுச் சாவியை வைத்திருக்கிறார். விடச் சொல்லி மகன் கேட்பதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் செய்த ஒரு வேலை, விளையாட்டுத் துறைப் பலகையில் என்.சி.சி. சிறப்பு நுழைவு விளம்பரத்தை வருஷம் இரண்டு முறை ஒட்ட ஏற்பாடு செய்தது. முகாம் தேதியையும் போட்டித் தேதியையும் என்.சி.சி. ஆசிரியரோடு உட்கார்ந்து முன்கூட்டியே பார்ப்பதும் வழக்கமாயிற்று. பெண்களுக்கும் இதே வழி உண்டு. 1992 முதல் பரங்கிமலையில் அவர்களும் பயிற்சி பெறுகிறார்கள். இதைச் சொன்னபோது ஈட்டி எறியும் மாணவி ஒருத்தி நம்பாமல் இரண்டு முறை கேட்டாள்.

போன வருஷம் எங்கள் திடலிலிருந்து இரண்டு பேர் பெங்களூர் போனார்கள். ஒரு பையன் முதல் நாளே திரும்பிவிட்டான். அந்த ஈட்டி மாணவி ஐந்து நாளும் இருந்து, கடைசி நாள் எண் வாசிக்கப்படாமல் வந்தாள். எங்கே விட்டாய் என்று கேட்டேன். யோசித்து, குழுப் பணியில் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். இப்போது சாயங்காலங்களில் ஜூனியர் பெண்களின் 4x400 அணி அவள் பொறுப்பில் இருக்கிறது.